மறு: கலைச்சொல் வேண்டல்: அஸ்ட்ரோடர்ஃபிங்

குழுவினருக்கு வணக்கம். அஸ்ட்ரோடர்ஃபிங், அதாவது இல்லாத மக்கள் ஆதரவை இருப்பதுபோலப் போலியாகக் காட்டும் வேலைக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்.

> "செயற்கைப் புல்வெளியாக்கம்" என்று போட்டுவிடலாமா? மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

வேண்டாம் ஐயா, அந்த நெருக்கம்தான் சிக்கலே. இந்தச் சொல் ஒரு டெக்சாஸ் கிண்டலில் பிறந்தது. 1985இல் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சாதகமாகக் கடிதங்களும் அட்டைகளும் டெக்சாஸைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் லாயிட் பென்ட்சன் அலுவலகத்தில் மலையாகக் குவிந்தன. டெக்சாஸ்காரனுக்குப் புல்லின் வேருக்கும் அஸ்ட்ரோடர்ஃபுக்கும் வித்தியாசம் தெரியும் என்றார் அவர். அஸ்ட்ரோடர்ஃப் என்பது 1966இல் ஹூஸ்டன் விளையாட்டரங்கில் விரித்த பிளாஸ்டிக் புல்லின் வணிகப் பெயர். சாமானிய மக்களிடமிருந்து எழும் இயக்கத்தை ஆங்கிலத்தில் புல்வேர் என்பார்கள், அதனால் அங்கே உறைக்கிறது. நமக்குப் புல் என்றால் அற்பம்: புல்லர், புல்லறிவு, வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். செயற்கைப் புல்வெளியாக்கம் என்று படிக்கிறவர் மாநகராட்சிப் பூங்கா டெண்டர் என்றே நினைப்பார். (தனிமடலில் ஒருவர் "புல்லுருவி" என்று எழுதியிருந்தார். ரசித்தேன். ஆனால் மேடைப் பேச்சாளர்கள் அதைத் துரோகிகளைத் திட்டுவதற்கென்று எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.)

> கூலிக்கு மாரடித்தல் என்று நம்மிடமே இருக்கிறதே?

இது எனக்கும் பிடிக்கும். ஏளனம் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் 2017இல் அமெரிக்காவில் நடந்ததோடு உரசிப் பார்த்தால் நிற்கவில்லை. இணையச் சமநிலை விதிகளை (இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பவை) நீக்கலாமா என்று அங்குள்ள கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் வந்து சேர்ந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. அதன்படி ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி. சுமார் 85 லட்சம், விதிகளை நீக்கச் சொல்லி பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் போட்டு நடத்திய பிரசாரத்தில் வந்தவை. பெயர்கள் நிஜம், அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுக்குத்தான் விஷயமே தெரியாது. மாரடிக்க ஆளாவது வந்து நிற்க வேண்டுமே! விதிகள் வேண்டும் என்ற எதிர்த்தரப்பிலோ, 19 வயதுக் கலிஃபோர்னியக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நிரலை ஓடவிட்டு, கற்பனைப் பெயர்களில் 77 லட்சம் கருத்துகளைத் தனியாளாக அனுப்பிவைத்தார். இதில் கூலிக்கு எங்கே இடம்?

ஆகக் கூலியை வைத்து இதை அடையாளம் காண முடியாது. சொல்லப்படும் விஷயம் பொய்யா என்பதும் கேள்வியில்லை, அந்த மாணவரின் நிலைப்பாட்டை மனமார ஏற்றவர்கள் ஏராளம். பொய் இருப்பது தலைக்கணக்கில்.

தலைக்கணக்கு மோசடிக்கு நம் ஊரில் அடைமொழி தயாராகவே இருக்கிறது. செத்தவர் பேரிலும் ஊரில் இல்லாதவர் பேரிலும் போடுவதைக் கள்ள ஓட்டு என்கிறோம். அந்த வழியில், ஒவ்வொரு போலிப் பதிவுக்கும் கள்ளக்குரல், அவை கூடி உண்டாக்கும் கூட்டத் தோற்றத்துக்குப் பொய்த்திரள். வினையாக வேண்டுமென்றால் பொய்த்திரள் காட்டுதல். "பொய்த்திரட்டு" என்று மாற்றிவிடாதீர்கள், பொய்களின் தொகுப்பு நூல் போல ஒலிக்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்சியின் ஐடி அணி மாலை 6 மணிக்கு ஒரு ஹேஷ்டேகைக் கொடுக்கிறது, தொண்டர்கள் ஆளுக்கொரு கணக்கிலிருந்து அதே வாசகத்தை ஒட்டுகிறார்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் அது பேரணி. ஒரே ஆள் இருபது கணக்குகளில் புகுந்து ஒட்டினால்தான் பொய்த்திரள். இந்த வேறுபாட்டை மழுப்பும் சொல், பிடிக்காத கட்சியின் தொண்டரையெல்லாம் போலி என்று திட்டவே பயன்படும்.

செ.

---

செ. ஐயாவுக்கு,

> பொய் இருப்பது தலைக்கணக்கில்.

அப்படியென்றால் ஹூஸ்டனை எங்கே வைப்பீர்கள்? பிளாஸ்டிக் புல் விரித்த அதே ஊர். 2016 மே 21 அன்று அங்குள்ள இஸ்லாமிய மையம் ஒன்றின் முன்னால் ஒரு கூட்டம் எதிர்ப்பு தெரிவித்தது, தெருவின் மறுபக்கம் இன்னொரு கூட்டம் அதற்கு எதிராக நின்றது. இரண்டு தரப்பையும் அழைத்த ஃபேஸ்புக் பக்கங்களை நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து போலிக் கணக்குகளில் பிரசாரம் நடத்திய இணைய ஆய்வு முகமை என்ற நிறுவனம். 2017 நவம்பரில் அமெரிக்க செனட் புலனாய்வுக் குழு விசாரணையில் இது வெளியே வந்தது. தெருவில் நின்றவர்களில் கள்ளக்குரல் யாரும் இல்லை, அத்தனை பேரும் சொந்தக் கோபத்தோடு வந்தவர்கள். அவர்களைப் பொய்த்திரள் என்பது நியாயமா?

இன்னொன்று. "கள்ள" என்றதும் நாளிதழ்க் கள்ளக்காதல்தான் நினைவுக்கு வருகிறது. மாணவர்களுக்கான பட்டியலில் சிரிப்பார்கள்.

வ.

---

வ. அம்மாவுக்கு,

நியாயமில்லைதான். அங்கே திரள் மெய், அழைத்தவர் முகம் பொய். இதையும் பொய்த்திரளுக்குள் அடைத்தால் சொல் தளர்ந்துபோகும், முகமூடி அழைப்பு என்று தனியாக வைக்கலாம். அரசியலில் இது பொய்த்திரளைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. கள்ளக்குரலை எண்ணிக் கழித்துவிடலாம், மூட்டிவிட்ட பகை மட்டும் அழைத்தவர் யாரென்று தெரிந்த பிறகும் அங்கேயே கிடக்கும். ஃபேஸ்புக் நிறுவனம் (இப்போது மெட்டா) இரண்டையும் ஒரே குடையின் கீழ் வைத்து, ஒருங்கிணைந்த போலி நடத்தை என்ற பொருளில் நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதற்குக் கூட்டுப் பாசாங்கு போதும்.

சிரித்தால் சிரிக்கட்டும். கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ளச் சந்தை என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் கூச்சமில்லாமல் எழுதுகிறோமே.

பட்டியலில் பயன்பாட்டு வாக்கியம் கேட்டிருந்தீர்கள். தென் கொரிய வழக்கை வைத்து எழுதிப் பார்த்தேன்: "நேவர் தளத்தின் செய்திப் பின்னூட்டங்களுக்கு நிரல் மூலம் ஆதரவுக் குறிகளை ஏற்றிப் பொய்த்திரள் காட்டிய வழக்கில், தெற்கு கியோங்சாங் மாகாண ஆளுநர் கிம் கியோங்-சூ 2021 ஜூலையில் பதவி இழந்தார்." வாக்கியம் தடுக்காமல் ஓடுகிறது. அங்கே கருத்தாக இல்லாமல் வெறும் ஆதரவுக் குறியாக இருந்ததைக் கள்ளக்குரல் என்பதா, கள்ள லைக் என்பதா? எனக்குப் பின்னதில் மறுப்பில்லை. லைக்கை இனி யார் வெளியேற்றப் போகிறார்கள்.

இந்தச் சொற்களையெல்லாம் பட்டியலில் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கிறேன். "பாட்" (தானாக இயங்கும் நிரல்) என்பதற்குப் பட்டியலில் இருக்கும் "தானியங்கி" ஏடிஎம்மோடு குழம்புகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு யாராவது புது இழை தொடங்குங்கள், இதிலேயே கலக்க வேண்டாம்.

செ.