கத்தரிக்கோலைக் கீழே வை, தங்கச்சி

குழு: பாம்பன் வீடு

மண்டபம் அத்தை: அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, கொழும்பிலிருந்து சித்தப்பா நம் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் கட்டாகக் கிடைத்தன. சின்னவன் தபால்தலை சேர்க்கிறானே, மூலையை மட்டும் கத்தரித்துக் கொடுக்கட்டுமா?

பெரியப்பா: கத்தரிக்கோலைக் கீழே வை, தங்கச்சி! உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு.

மண்டபம் அத்தை: (2 படங்கள்)

பெரியப்பா: முன்னால் கொழும்பு தபால் முத்திரை, 1962. பின்னால் நம் பாம்பன் முத்திரை. போட் மெயில் காலத்துக் கடிதம் அம்மா இது! தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. தபால்தலையை மட்டும் வெட்டினால் இந்தப் பயணத்துக்கு என்ன சாட்சி?

சின்னவன்: ஆனால் பெரியப்பா, என் தீவு ஆல்பத்தில் எல்லாம் தனித் தலைகள்தானே?

பெரியப்பா: அவை இருக்கட்டும். மொரீஷியஸ் 1847-இல் வெளியிட்ட ஒரு பென்னி, இரண்டு பென்னி தலைகளைப் பற்றிப் படித்திருப்பாய். மொத்தம் 27தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் சேகரிப்பாளர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது, இரண்டு தலைகளும் ஒட்டி பிரான்சின் போர்தோ நகரத்து ஒயின் வியாபாரிக்குப் போன உறையைத்தான்.

சித்தி: மதினி, மாமாவின் கடிதங்களைப் பிள்ளைகள் படிக்கலாமா? வீட்டு விஷயங்கள் இருக்குமே.

மண்டபம் அத்தை: முதலில் நான் படித்துப் பார்க்கிறேன்.

பெரியப்பா: படி. ஆனால் கடிதத்தை அதனதன் உறையிலேயே திரும்ப வை.

பெரியப்பா: சின்னவனே, பசிபிக் கடலில் உள்ள தொங்கா நாட்டில் நியுவாஃபோவு என்று ஒரு தீவு. கப்பல் அணைய இடமே கிடையாது. கடிதங்களைத் தகர டப்பாவில் அடைத்துக் கடலில் இறக்குவார்கள். தீவுக்காரர்கள் நீந்திப்போய் எடுத்து வருவார்கள். 1931-இல் ஒருவரைச் சுறா கொன்றது. அதன்பின் ஓடத்தில் போனார்கள். ‘டின் கேன் மெயில்’ என்று முத்திரை குத்திய அந்த உறைகளை இன்றும் உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். கடலில் இறங்கும் சனம் நாம், அந்த உறையின் அருமை நமக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சின்னவன்: நீந்தியா! அப்படி ஓர் உறை எனக்கும் வேண்டும்.

பெரியப்பா: தேடுவோம். தென் அட்லாண்டிக் கடலில் உள்ள டிரிஸ்டன் ட குன்யாவின் உறையையும் தேடக் குறித்துக்கொள். 1961-இல் எரிமலை வெடித்து, ஊரையே இங்கிலாந்துக்கு ஏற்றிப்போன தீவு.

மண்டபம் அத்தை: அண்ணா, இந்தக் கட்டை எதில் வைப்பது? பிளாஸ்டிக் பையில் போடட்டுமா?

பெரியப்பா: வேண்டாம். நம் கடற்காற்றில் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, தரையில் படாமல் மேல்தட்டில் வை. உறைகளை ரப்பர் வளையத்தால் கட்டாதே. இன்னும் ஒட்டாத புதுத் தலைகள் இருந்தால் தனியாக எடுத்துவை. பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மண்டபம் அத்தை: சரி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். மழை பெய்தால் வரமாட்டேன்.

பெரியப்பா: மழையென்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.