ஒரு மொழி மூளையையே மாற்றிவிடுமா?

இரவுவாசகி:
‘அரைவல்’ (2016) படம் பார்த்தேன். வேற்றுக்கிரகவாசிகளின் வட்ட எழுத்தைக் கற்கக் கற்க, நாயகிக்கு எதிர்காலமே தெரிய ஆரம்பிக்கிறது. வெறும் மொழியால் இவ்வளவு ஆகுமா? இதே மாதிரிக் கதைகள் வேறு உண்டா?

பழையபேப்பர்:
முதலில் டெட் சியாங்கின் மூலக்கதையைப் (1998) படியுங்கள். படத்தில் அவள் எதிர்காலத்தில் கேட்டதை வைத்துப் போரைத் தடுக்கிறாள். கதையில் அந்தச் சாகசமெல்லாம் இல்லை. மகள் இளவயதில் சாகப்போவது தெரிந்தே பெற்றுக்கொள்கிறாள். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு. அப்புறம் சாமுவேல் டிலேனியின் ‘பேபல்-17’ நாவல் (1966). பேபல்-17 என்பது எதிரி ஆயுதமாக அனுப்பும் மொழி, அதில் ‘நான்’ என்ற சொல்லே கிடையாது. கற்றவன் தன்னையறியாமல் சொந்தப் படைக்கே குழிபறிப்பான். நாயகி கவிஞர் என்பது கூடுதல் ருசி.

நீலம்:
நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலமும் கருநீலமும் தனித்தனி நிறங்கள். அந்த இரண்டையும் பிரித்தறிவதில் ரஷ்யர்கள் சற்று வேகம் என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. மொழியின் கைவரிசை அந்த அளவுதான்.

இரவுவாசகி:
சரி, ‘பேபல்-17’ஐத் தேடுகிறேன். தமிழில் யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா?