அந்த ஊருக்குள் போகலாமா? ஒரு தலைவரின் பேச்சும் நம் ஊர்களில் கேட்டவையும்

வாவிக்கரையோன், மட்டக்களப்பு:

2025 செப்டெம்பர் 23ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், லண்டன் இஸ்லாமிய ஷரீஆ சட்டத்துக்கு மாறப் பார்க்கிறது என்று பேசியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் வெளிநாட்டு உறவினர் யாராவது அனுப்பி வைத்திருப்பார்கள். அதைப் பற்றி விவாதிக்க இதை எழுதவில்லை. அந்தக் காணொளி சுற்றிய நாட்களில், நகரத்தில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் நடந்த ஒன்று மனதில் கிடந்து உறுத்துகிறது.

கதிரையில் இருந்தவர் அதைத் தொலைபேசியில் சத்தமாக ஓடவிட்டு, “லண்டனுக்கே இந்த நிலைமையெண்டா காத்தான்குடியச் சொல்லவும் வேணுமா? பொலிஸே கேட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும்” என்றார், பக்கத்து முஸ்லிம் ஊரைச் சொல்லி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாங்கில் என் பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த, சாரமும் வெள்ளைச் சட்டையும் அணிந்த நடுவயதுக்காரரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “நான் அங்கதான் தம்பி. பொலிஸ் ஸ்டேசன் எங்கட ஊட்டுக்குக் கிட்டத்தான் இருக்கு, ஒருநாளைக்கு வாங்களன்” என்று மிகவும் சாதாரணமாகச் சொன்னார். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய முறை வந்தபோது, “பிறகு வாறன்” என்று எழுந்து போய்விட்டார். கதிரையில் இருந்தவர் எங்களைப் பார்த்து, “ஆள் கோவிச்சிட்டாரோ?” என்று கேட்டார், உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இப்படியான பேச்சு உங்கள் முன்னால் வந்து விழுந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடி மைந்தன், இப்போது லண்டன்:

இது ட்ரம்புக்குப் புதிய பேச்சு அல்ல. 2015 டிசெம்பரில், ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்ட காலத்திலேயே, முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் வருவதை முற்றாகத் தடுக்க வேண்டும் என்று அறிவித்த கையோடு, லண்டனின் சில பகுதிகளில் பொலிஸார் தம் உயிருக்கே அஞ்சுகிறார்கள் என்றும் சொன்னார். லண்டன் பொலிஸ் அதை மறுத்தது. அப்போதைய லண்டன் மாநகர முதல்வர் பொரிஸ் ஜோன்சன், நியூயோர்க்கின் சில பகுதிகளுக்குத் தாம் போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் அங்கே ட்ரம்பைச் சந்திக்க நேரிடலாம் என்பதுதான் என்று கேலி செய்தார். ட்ரம்பைப் பிரித்தானியாவுக்குள் விடக்கூடாது என்ற மனுவில் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டதால், 2016 ஜனவரியில் அது பாராளுமன்ற உறுப்பினர்களின் விவாதத்துக்கும் வந்தது.

நான் அப்போது கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். எங்களுடன் வேலை செய்த, நம் பக்கத்து மாமா ஒருவர், “அந்தாள் சொல்லுறதில பிழை இல்ல மகன், வைட்சப்பல் பக்கம் மனுசன் நடக்கேலாது” என்று உறுதியாகச் சொன்னார். அவர் குடியிருந்தது, முஸ்லிம்கள் அதிகம் வாழும் அதே வைட்சப்பலில். கிழக்கு லண்டன் பள்ளிவாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, தனியே நடந்து வீட்டுக்குப் போவார். அன்று அதைச் சொல்லும்போதும் அவர் கையில் இருந்தது அந்தத் தெருக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்தான். பேச்சுக்கு இடையில் கடதாசியைக் கவனமாக உரித்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் நடக்கிற தெருவையும் தொலைக்காட்சியில் சொல்லப்படுகிற தெருவையும் அவர் வேறுவேறு இடங்களாகவே வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விடயம்.

ஆசிரியை, காத்தான்குடி:

முதலில் எழுதிய சகோதரர் “அந்த ஊருக்குள் போகலாமா” என்று தலைப்பிட்டிருக்கிறார். அந்த ஊருக்குள் இருந்து வெளியே போகலாமா என்ற கேள்வியும் உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கல்முனை வீதியில் எந்த இடத்தில் பஸ் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பதை எங்கள் வாப்பா ஊர் ஊராகச் சொல்லுவார். எங்களுக்கும் “போகாதே” என்ற பட்டியல் இருந்தது.

என்னுடைய அனுபவம் 2019இல் நடந்தது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 29ஆம் திகதி முகம் மூடும் ஆடைக்குத் தடை வந்தது. நான் முகம் மூடுபவள் அல்ல. மட்டக்களப்பில் ஓர் அலுவலக வாசலில் காவலுக்கு நின்றவர் தலையில் இருந்த துணியையும் எடுக்கச் சொன்னார். சட்டம் முகத்தைப் பற்றியது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, டிவியில் இன்ன தலைவர் சொன்னார் என்று ஒரு பெயரையும் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அந்த வரிசையில், முன்பு நான் படிப்பித்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் தாய் நின்றார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும், வீட்டுக்குக்கூட வந்திருக்கிறார். அவர் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். நான் ஊசியைக் கழற்றும்போது கை நடுங்கியதில் அது கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அந்தத் தாய் வந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் மீண்டும் தன் இடத்தில் போய் நின்றார். அவர் மீது எனக்குக் கோபமா நன்றியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. காவலாளியை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

அமிர்தகழியான்:

இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் அச்சத்தை அரசியல்வாதி கண்டுபிடித்தது போல எழுதுகிறீர்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது என் அக்காவின் மகன் வளவுக்குள் நின்றான். ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற சிறுவர்கள்தான் அங்கே பெருமளவில் இறந்தார்கள். என் மருமகன் பிழைத்தான். முதுகில் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது. அதைத் திட்டமிட்ட சஹ்ரான் காத்தான்குடியில் பிறந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றும் நான் அந்த ஊர் வழியாகப் போகும்போது பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. அதற்காக என்னை இனவாதி என்று யாரும் எழுத வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்று. 2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முன், வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தில் பிள்ளையை மேடைக்குக் கொண்டுவர வேண்டும், சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினால் போதும், பேசத் தேவையில்லை என்றார்கள். எல்லைத் தமிழ்க் கிராமங்கள் முஸ்லிம்களிடம் பறிபோவதைப் பற்றி வேட்பாளர் பேசும் நேரத்தில் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அக்கா கத்தவில்லை, அழவில்லை. அவர்கள் குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பைகளை, பாதி குடித்தபடியே, ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதவடியில் நின்றார். அவர்கள் எழுந்து போனார்கள். எனக்கு அச்சம் இருக்கிறது, ஆனால் அதை விற்கிறவனையும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பேரீச்சமரத்தடி வியாபாரி, காத்தான்குடி:

அமிர்தகழி சகோதரருக்கு மட்டும். உங்கள் மருமகனுக்கு நடந்ததற்கு என்ன சொன்னாலும் குறைவுதான். ஆனால் சஹ்ரான் யாரென்று முதலில் சொன்னவர்களும் இந்த ஊரார்தான். 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் அவனுடைய கூட்டத்தினர் வாளோடு வந்து தாக்கியது சூபி வழி முஸ்லிம்களை. அதற்குப் பிறகு ஊர்வலமும் போனோம், முறைப்பாடும் கொடுத்தோம். அவன் தலைமறைவாகி இரண்டு வருடம் பிடிபடவில்லை. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வாடகை வீட்டில் இருந்த அவனுடைய கூட்டத்தினரைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களும் அயலில் இருந்த முஸ்லிம்களே. பஸ்ஸை விட்டு இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம். இறங்கினால் என் கடையில் ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

எழுதுவினைஞர், அம்பாறை:

லண்டன் நண்பர் எழுதியது போலப் பொலிஸ் மறுப்பதும் முதல்வர் கேலி செய்வதும் அங்கே சரிவரலாம். மறுப்பினால் எதுவும் மாறுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அம்பாறை நகரில் வேலை செய்யும் தமிழன் நான். சிங்களவரும் முஸ்லிம்களும் என் முன்னால் மனம்விட்டுப் பேசுவார்கள், அது ஒருவிதத் தண்டனை.

2018 பெப்ரவரி இறுதியில், இங்கே ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுகிறது என்ற கதை பரவி, கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் ஓர் இரவில் தாக்கப்பட்டன. காசாளரைச் சுற்றிவளைத்து “போட்டாயா” என்று கேட்டபோது, சிங்களம் சரியாக விளங்காத அவர் ஆம் என்கிற மாதிரி ஏதோ சொன்னதைப் பதிவுசெய்து, அதையே சாட்சியாகச் சுற்றவிட்டார்கள். சில நாட்களில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது: உணவில் மாத்திரை என்று காட்டப்பட்ட துண்டு வெறும் மாவுக்கட்டி.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த சிங்கள அம்மணி நல்ல மனுசி. என் மனைவி வைத்தியசாலையில் இருந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர். அந்தச் சம்பவத்துக்கு முன் நாங்கள் எல்லோரும் அந்த வரிசைக் கடைகளில்தான் பகலுணவுப் பார்சல் எடுப்போம். அறிக்கை பத்திரிகையில் வந்த நாளில் அதை அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல், விரலை வைத்து வாசித்தார். வாசித்து முடித்துப் பத்திரிகையை நான்காக மடித்து என்னிடமே தந்து, “இருக்கலாம் மாத்தயா, ஆனாலும் எதற்கு வீண் வம்பு” என்றார். அந்தப் பக்கம் அவர் பிறகு பார்சல் எடுக்கவேயில்லை. அவர் அந்தக் கதையை நம்பவில்லை என்பது எனக்கு நிச்சயம். நம்பாமலே அதன்படி நடந்தார்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், கல்முனை:

எனது அனுபவம் சிறியது. ஒரு தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி வாகனம் ஒன்று தமிழர் வாழும் பாண்டிருப்புப் பக்கமாக வரும்போது ஒரு பேச்சையும், முஸ்லிம்கள் வாழும் மருதமுனையை நெருங்கும்போது வெறும் பாட்டையும் போட்டுக்கொண்டு போனதை வீதியோரத்தில் நின்று கேட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியவர்களில் ஒருவராவது இத்தகைய பேச்சு குறித்து முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், அதன் 3ஆம் பிரிவில், பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது; பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே இத்தகைய பேச்சைக் கேட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வெட்டி ஒட்டிய துண்டை அல்ல, முழுப் பேச்சையும் தேதி, இடம், பேசியவர் விபரத்தோடு பாதுகாத்து வைப்பதாகும். கண்டிப்பதற்காகவும் அதை மற்றவர்களுக்கு அனுப்பக் கூடாது, ஏனெனில் கண்டனத்தோடு சேர்ந்து பேச்சும் பரவும். அடுத்ததாக எழுத்துமூலம் பொலிஸில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. தேர்தல் காலமாயின் தேர்தல் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். ஆசிரியை அவர்கள் அன்றே அந்தக் காவலாளியின் பெயரைக் குறித்திருக்க வேண்டும். சலூனில் இருந்தவரும் அந்த இடத்திலேயே ஆட்சேபித்திருக்கலாம்.

ஆசிரியை, காத்தான்குடி:

ஐயா, என் கையில் அப்போது ஊசியும் துணியும் இருந்தன, பேனை இருக்கவில்லை. நீங்கள் சொல்லும் அதே சட்டத்தின் கீழ் 2019இல் ஒரு சிறுகதை எழுதியதற்காக எழுத்தாளர் ஒருவரைச் சிறையில் வைத்தார்கள். மேடையில் பேசியவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதையும் அந்தக் கோப்புகளில் பார்த்துச் சொல்லுங்கள்.

தேநீர்க் கடைக்காரன், வாழைச்சேனை:

எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லியே 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். பிறகு அடக்கம் செய்ய இடம் கிடைத்தது எங்கள் பக்கத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில். அந்த மார்ச் 5ஆம் திகதி தொடங்கியது. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வாகனங்கள் வந்தன.

அந்த நாட்களில் ஒரு காலை, கொழும்பிலிருந்து ஜனாஸாவுக்குப் பின்னால் வந்த வான் ஒன்று வழி தவறி எங்கள் கடைக்கு முன்னால் நின்றது. ஒரு பெரியவரும் இரண்டு இளைஞர்களும் இருந்தார்கள். இரவு முழுக்க ஓடி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெரியவர் இறங்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, பிள்ளையார் படத்துக்கு நான் வைத்திருந்த பூவைப் பார்த்துவிட்டு, “மகன், இது தமிழ் ஏரியாவா? நாங்க இதில நிப்பாட்டினா பிரச்சினை இல்லதானே?” என்று மெல்லக் கேட்டார். அவர் மகனையோ மகளையோ புதைக்கப் போகிறார். கேட்கிற கேள்வி இது. யார் அவருக்கு எங்கள் சந்தியைப் பற்றி என்ன சொல்லி வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. “இறங்குங்க வாப்பா, பின்னுக்குக் கிணறு இருக்கு, முகம் கழுவுங்க” என்றேன். இறங்கினார்கள், குடித்தார்கள், காசும் கொடுத்தார்கள். மஜ்மா நகருக்குத் திரும்பும் இடம் வரை என் மச்சான் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்க் காட்டினான்.

கல்முனை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நான் எந்தப் பிரிவின் கீழ், யாருக்கு எதிராக முறையிடுவது?