ஜிபிஏவா, எஸ்ஏடியா: போட்டி மிகுந்த கல்லூரிகள் எதை முதலில் பார்க்கின்றன?

கேள்வி:
வணக்கம். நியூ ஜெர்சியில் அரசுப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஜிபிஏ (பள்ளி கிரேடுகளின் சராசரி, பொதுவாக 4க்கு) 3.8, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1450. ஏபி (பள்ளியிலேயே நடத்தப்படும் கல்லூரி நிலைப் பாடம்) வேதியியலிலும் ஏபி கால்குலஸிலும் 'பி' வாங்கியதுதான் ஜிபிஏவைக் குறைத்துவிட்டது. எஸ்ஏடியை மறுபடி எழுதி 1550 எடுத்தால் அந்தக் குறை ஈடாகுமா, அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் எளிய பாடங்களை எடுத்து ஜிபிஏவை உயர்த்துவது நல்லதா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் பதில்:
தயவுசெய்து எளிய பாடங்களுக்கு மாற்றிவிடாதீர்கள். சேர்க்கை அலுவலர்கள் ஜிபிஏ என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடுவதில்லை. எடுத்த பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டை வரி வரியாகப் படிக்கிறார்கள். அதனுடன் பள்ளி கவுன்சலர் அனுப்பும் பள்ளி விவரக்குறிப்பில், அங்கே எந்தெந்த ஏபி பாடங்கள் நடத்தப்படுகின்றன என்பது இருக்கும். ஆகவே கிடைத்த கடினமான பாடங்களை உங்கள் மகள் எடுத்தாளா, தவிர்த்தாளா என்பது உடனே தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு கிரேடுகளும் அவர்களிடம் போகும். பள்ளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பைக் காட்டும் அந்தத் தாளுக்குத்தான் முதலிடம். அதிலுள்ள கிரேடுகளை உரசிப் பார்க்கவே எஸ்ஏடி பெரிதும் பயன்படுகிறது. 1550 வந்தால் நல்லதுதான். ஆனால் கனமில்லாத டிரான்ஸ்கிரிப்டை அது ஈடுகட்டாது.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னது சரி. எனினும் கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை மாறும். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கை முடிவுக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடியோ 2022இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே எந்தத் துறை மாணவராயினும் கால்குலஸும் இயற்பியலும் படித்தே ஆக வேண்டும் என்பதால், கணிதத்தில் ஒருவர் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறார் என்பதை அறிய அந்த மதிப்பெண் உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் சி7 பகுதியைப் பாருங்கள். எது 'மிக முக்கியம்', எது 'கருத்தில் கொள்ளப்படும்' என்று அவர்களே குறித்திருப்பார்கள்.

மூன்றாம் பதில்:
கட்டாயமில்லாத இடங்களுக்கு 1450ஐ அனுப்பலாமா என்ற கேள்வியும் அடுத்து எழும். டார்ட்மத் கல்லூரி 2024இல் தேர்வை மீண்டும் கட்டாயமாக்குமுன் அதன் பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் சிலர், தங்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய 1400க்கு மேற்பட்ட மதிப்பெண்களைக்கூட அனுப்பாமல் விட்டது தெரியவந்தது. பள்ளிச் சராசரியைவிட ஒருவர் எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதையும் சேர்த்தே அங்கு எடைபோடுகிறார்கள். அதனால் உங்கள் பள்ளியின் சராசரியைக் கவுன்சலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தேர்வைக் கட்டாயமாக்காத கல்லூரிகள் வெளியிடும் மதிப்பெண் வீச்சைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் அதிகம் எடுத்தவர்களே அனுப்புவதால்தான் அது அவ்வளவு உயரத்தில் இருக்கிறது.