அங்கன்வாடி ஊதிய மறுவகைப்பாடு மனு: பெருக்கல் காரணி கேட்பதா, வரிசையை மாற்றக் கேட்பதா?

வட்டாரக்கிளை (கேள்வி)

அங்கன்வாடிப் பணியாளர், குறு மையப் பணியாளர், உதவியாளர் மூன்று பிரிவுக்கும் சேர்த்து ஊதிய மறுவகைப்பாடு (வேறு ஊதிய வரிசைக்கு மாற்றுவது) கேட்டு ஒரு மனு தயாராகிறது. தமிழ்நாட்டில் இப்போது முறையே 7700–24200, 5700–18000, 4100–12500 சிறப்பு காலமுறை ஊதியம் (வழக்கமான அரசு ஊதிய வரிசைக்கு வெளியே தனியாக வைத்த வரிசை). "அடுத்த ஊதியத் திருத்தத்தில் பெருக்கல் காரணியை உயர்த்த வேண்டும்" என்பதுதான் வரைவில் முதல் கோரிக்கை. பழைய ஊதியத்தை எந்த எண்ணால் பெருக்குவது என்பதுதான் அந்தக் காரணி. இது சரியா?

பணி மதிப்பீடு (வேலையின் மதிப்பைப் புள்ளி போட்டு ஒப்பிடுவது) என்று தனி இணைப்பு வைக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன இருக்க வேண்டும்? பணிக்கொடையையும் இதிலேயே கேட்கலாமா? 2016 ஊதிய நிர்ணயமே சில பணிப்பதிவேடுகளில் தப்பு என்றும் பேச்சு இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பேரேடு

முதல் கோரிக்கையை அடித்துவிடுங்கள் தோழர். அது கிடைத்தாலும் ஒன்றும் மாறாது.

ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிய திருத்தத்தில் அங்கன்வாடிப் பணியாளருக்கு 2500–5000, தர ஊதியம் (பதவியின் தரத்துக்காகச் சேர்க்கும் தொகை) 500. இரண்டும் சேர்ந்து ஆரம்பம் 3000. ஒப்பிட, அரசு அலுவலக உதவியாளருக்கு 4800–10000, தர ஊதியம் 1300. ஆரம்பம் 6100. 2017-இல் இரண்டையும் அதே 2.57-ஆல் பெருக்கினார்கள். அப்படித்தான் 7700-ம் 15700-ம் வந்தன. முன்பும் பாதி, பின்பும் பாதி. காரணியை 3 ஆக்கினாலும் 4 ஆக்கினாலும் அதே பாதிதான். ரூபாயில் இடைவெளி மட்டும் பெருகும்.

ஏற்கெனவே பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. அடிப்படையில் வித்தியாசம் 8000. 58 சதவீத அகவிலைப்படி சேர்ந்தால் அதுவே 12,640. முதல் ஆண்டு ஊதிய உயர்வு ஒருவருக்கு 200, மற்றவருக்கு 500.

ஆக, கேட்க வேண்டியது எந்த வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதை. இன்னொன்றும் கவனியுங்கள். கிராம உதவியாளருக்கும் சிறப்பு காலமுறை ஊதியம்தான், ஆனால் 11100–35100. "சிறப்பு காலமுறைக்குள் இதற்கு மேல் இடமில்லை" என்று கோப்பில் எழுத முடியாதபடி இந்த ஒரு வரி தடுக்கும். அரசு ஊழியருக்குரிய வழக்கமான காலமுறை ஊதியம் முதன்மைக் கோரிக்கை, 11100 வரிசை மாற்றுக் கோரிக்கை என்று இரண்டு படியாக வையுங்கள்.

சத்துணவு அமைப்பாளருக்கும் அதே 7700 வரிசை என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். வேலை வேறு, துறைக்குள் கோப்பு போகும் வழியும் வேறு. இணைப்பில் ஒரு குறிப்பு போதும்.

அளவுகோல்

பணி மதிப்பீட்டில் நான்கு தலைப்பு: திறன், பொறுப்பு, உழைப்பு, பணிச்சூழல். ஒவ்வொன்றையும் நாலைந்து உட்கூறாகப் பிரித்து, ஒப்பிடும் பதவிக்கும் உங்கள் பதவிக்கும் ஒரே அளவுகோலில் புள்ளி போட வேண்டும். புள்ளி போடும் முன்பே எந்தத் தலைப்புக்கு எத்தனை என்று முடிவு செய்து எழுதிவிடுங்கள். பிறகு மாற்றினால் மொத்த இணைப்பும் மதிப்பிழக்கும்.

பெரும்பாலான வரைவுகள் கெடுவது கடமைப் பட்டியலில்தான். "குழந்தைகளைப் பராமரித்தல்" என்று ஒரே வரியில் எழுதினால் அது வீட்டுவேலையாகத்தான் படிக்கப்படும், பெண்களுக்கு இயல்பாக வருவது என்று பூஜ்ஜியம் விழும். வேலையை உடைத்து எழுதுங்கள். ஒரு உதாரணம்:

வளர்ச்சிக் கண்காணிப்பு. 2 வயதுக்குட்பட்ட குழந்தையை அளவுப் பலகையில் படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். தலை பலகையில் பட்டிருக்கணும், முழங்கால் மடங்கக் கூடாது, பாதம் செங்குத்தாக இருக்கணும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். அதாவது உதவியாளர் இங்கே சமையலுக்கு மட்டும் அல்ல, அளவெடுப்புக்கும் உடன் பணியாளர். படுக்கவைத்து எடுக்க வேண்டிய பிள்ளையை நிற்கவைத்து எடுத்தால் 0.7 செ.மீ. கூட்டிப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளை வளர்ச்சி குன்றியவர் பட்டியலில் விழும். பிறகு அந்த எண் போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியில் ஏறும், வட்டார மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார்.

இந்த ஒரு பத்தியில் அறிவு, துல்லியம், தவறின் விளைவு, பதிவேட்டுப் பொறுப்பு நான்கும் வந்துவிட்டன. இப்படிப் பன்னிரண்டு பத்தி போதும், முப்பது கடமையை வரிசையாக அடுக்கத் தேவையில்லை.

நேரத்துக்கு: 15 வேலைநாள், அரை மணி இடைவெளியில் குறிப்பு. சமவெளி, மலை, நகரம் என்று மூன்று வகை மையமாவது இருக்கட்டும். எடை எடுக்கும் நாட்கள், வீடுகளுக்கு நேரில் போகும் நாட்கள் அந்தப் பதினைந்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை குறைத்துத் தெரியும். செயலி இயங்காமல் காத்திருந்த நேரம், மையம் மூடிய பிறகு வீட்டில் பதிவேற்றிய நேரம் இரண்டையும் தனிக் கலத்தில் போடுங்கள். தேர்தல் பணி போன்றவற்றை இதில் கலக்காதீர்கள். "அது உங்கள் பதவிக்குரிய வேலையே இல்லை" என்று மொத்தத்தையும் தள்ளிவிட வாய்ப்பாகிவிடும்.

பணக் கையாளுகைக்குப் புள்ளி உண்டு, ஆறு வயதுக்குட்பட்ட இருபது உயிருக்குப் பொறுப்பு என்பதற்குப் புள்ளி இல்லை என்ற பழைய படிவம் இன்னும் சுற்றுகிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கணக்கர்

2016 நிர்ணயத்தைச் சரிபார்க்க ஒரு தாள் போதும். 31.12.2015 அன்று வாங்கிய ஊதியம் + தர ஊதியம், இரண்டையும் கூட்டி 2.57-ஆல் பெருக்குங்கள். வரும் தொகை ஊதிய அணியில் (ஊதியக் கட்டங்களின் அட்டவணையில்) இருந்தால் அதே கட்டம், இல்லாவிட்டால் அடுத்த மேல் கட்டம்.

ஊதியம் 3000, தர ஊதியம் 500 என்றால் 3500 × 2.57 = 8995. அணியில் 8800-க்கு அடுத்தது 9100. ஆக 9100. தர ஊதியத்தைக் கூட்டாமல் விட்டிருந்தால் 3000 × 2.57 = 7710, அதற்கு மேல் கட்டம் 7900. மாதம் 1200 போயிற்று, 58 சதவீத அகவிலைப்படியோடு 1896. அடுத்தடுத்த ஊதிய உயர்வெல்லாம் அந்தத் தப்பின் மேலேயே ஏறியிருக்கும்.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். தொகுப்பூதியத்தில் 12 மாதம் முடிந்து காலமுறைக்கு வந்த தேதி பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? தள்ளி எழுதியிருந்தால் ஊதிய உயர்வுத் தேதியும் தள்ளும். அடுத்து, திருத்தம் 1.1.2016 முதல் கருத்தியலாகவும் (கணக்கில் மட்டும்) 1.10.2017 முதல்தான் பணமாகவும் கொடுத்தார்கள். இடைப்பட்ட 21 மாதத்துக்கு நிலுவை கேட்டு எழுதினால் மனு அந்த இடத்திலேயே திரும்பும்.

இவை தனிநபர் திருத்தங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்குப் பதிவேட்டு நகலோடு தனித்தனியாகப் போக வேண்டும், மறுவகைப்பாட்டு மனுவில் அல்ல.

சட்டப்புள்ளி

பணிக்கொடையைத் தனியாக வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

2006-இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்றது. மறுவகைப்பாடு கேட்டால் இதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். 25.4.2022-இல் மணிபென் வழக்கில் அதே நீதிமன்றம், 1972 பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும், மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும் அது ஊதியமே, இது பகுதிநேர வேலை அல்ல என்றது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சுமத்திய கடமைகளை அங்கன்வாடி மையம்தான் நிறைவேற்றுகிறது என்பது அதில் முக்கியமான காரணம். உங்கள் மனுவுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் வேண்டும்: முழுநேரம், சட்டக் கடமை.

அந்தச் சட்டமோ, அரசின் கீழ் பதவி வகித்து வேறு பணிக்கொடை விதிக்கு உட்பட்டவர்களை விலக்குகிறது. ஒரே தாளில் "எங்களை அரசு ஊழியராக்கு" என்றும் "1972 சட்டப்படி பணிக்கொடை கொடு" என்றும் எழுதினால் ஒன்றை வைத்து மற்றதை மறுப்பார்கள். (21.11.2025 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. பழைய மாதிரி மனுவை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.)

கணக்கு: கடைசி மாத ஊதியம் × 15 ÷ 26 × ஆண்டுகள். 9100-ம் 58 சதவீதமும் சேர்த்து 14,378. 20 ஆண்டுக்கு 1,65,900.

வட்டாரக்கிளை

நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். "மத்திய அரசு தருவதே மாதம் 4500 மதிப்பூதியம்தான்" என்று நிதித்துறை சொன்னால்?

பேரேடு

அது 1.10.2018 முதல் உள்ள தொகை. குறு மையத்துக்கு 3500, உதவியாளருக்கு 2250. அதிலும் 60 பங்குதான் மத்திய அரசு, 40 மாநிலம். அந்தத் தொகை செலவைப் பகிர்வதற்கான கணக்கு, பதவியின் மதிப்பைச் சொல்வதல்ல. மாநிலம் அதைத் தாண்டித் தானே காலமுறை கொடுத்து, அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் தந்து வருகிறது. 4500-க்கு மேல் போக முடியாது என்பது உண்மையானால் 7700 எப்படி வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். கூடுதல் செலவு எவ்வளவு என்ற அட்டவணையையும் நீங்களே போட்டு இணையுங்கள்: பிரிவு வாரியாக நிரப்பப்பட்ட பணியிடம் மட்டும். காலிப் பணியிடத்தையும் சேர்த்துத் துறை போட்டால் தொகை பூதாகரமாகத் தெரியும்.