புதுப்பிப்பு: ஆர்வி கேஸ் ஃபிரிட்ஜில் வெப்பநிலை சென்சார் பொருத்தியாயிற்று

அரிசோனா வெயிலில் எங்கள் ஆர்வியின் (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) கேஸ் ஃபிரிட்ஜ் (கேஸை எரித்த சூட்டில் இயங்குவது) பிற்பகலில் 9 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது, சென்சார் வயரை எவ்வழியாக உள்ளே கொண்டுபோவது நல்லது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

உறைபனி உருகிய நீர் வெளியேறும் குழாயின் வழியே வயரை நுழைக்கலாம் என்ற யோசனைதான் பலித்தது. வண்டியின் வெளிப்புற மூடியைக் கழற்றி, பர்னரின் சூடு எட்டாத தொலைவில் வயரை ஓரமாகக் கட்டி, சென்சார் முனையை நடுத்தட்டில் ஒரு தண்ணீர்க் குவளைக்குள் இறக்கினேன். காற்றில் தொங்கவிட்டபோது கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் தாவிக்கொண்டிருந்தது. குழாயின் வாயை வயர் அடைத்துவிடாமல், நீர் சொட்ட இடம் விட வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: முன்பு கதவின் ரப்பர் விளிம்புக்கு அடியில் வயரை விட்டிருந்தேனே, அந்த இடைவெளியே கோளாறில் பாதி. அதை எடுத்ததும் 6 டிகிரிக்கு இறங்கியது. மீதிக்கு, ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மிஸ்டரை (குளிரை அளந்து ஃபிரிட்ஜுக்குச் சொல்லும் உணரி) உள்ளே உள்ள அலுமினியத் தகட்டில் இரண்டு விரற்கடை மேலே நகர்த்தச் சொன்னவருக்குக் கடன்பட்டிருக்கிறேன் (எங்கள் மாடலில் மேலே போனால் குளிர் கூடும்). இவ்வகை ஃபிரிட்ஜ் மெதுவாகவே குளிரும் என்பதால் ஒரு நாள் முழுதும் காத்திருந்து பார்த்தேன். இப்போது பிற்பகல் 3 மணிக்கும் 3 டிகிரியைத் தாண்டுவதில்லை.