புது டயர் போட்ட பிறகு வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது, அவசர உதவி

நானுஓயா பையன்:
வணக்கம். மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் போட்டேன். அதற்குப் பிறகு முடக்குகளில் வண்டி சொன்னபடி கேட்கவில்லை. சரிக்கத் தொடங்கியதும் சட்டென்று விழுவது போலப் போகிறது, அப்புறம் பின்பக்கம் லேசாக வழுக்குகிறது. நேர்ப்பாதையில் ஒரு குறையும் இல்லை. பழைய டயரில் இப்படி நடந்ததே இல்லை. நாளைக் காலையில் ரதல்ல குறுக்கு வீதியால் தலவாக்கலைக்கு இறங்க வேண்டும், மனைவியும் பின்னால் இருப்பார். டயர் பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

அட்டன் 150:
தம்பி, என்ன வண்டி? டயர் அளவு என்ன? முன்னும் பின்னும் மாற்றினீர்களா, ஒன்று மட்டுமா? காற்று எவ்வளவு? வழுக்கியது மழையிலா, காய்ந்த ரோட்டிலா?

பதுளை ரைடர்:
இதில் பயப்பட ஒன்றுமில்லை. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். டயர் வார்க்கும் அச்சில் ஒட்டாமல் கழற்றுவதற்காகப் பூசுவதும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். முதல் 150 கிலோமீட்டராவது மெதுவாக ஓட்டி, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடுப்பகுதி நேர் ரோட்டிலேயே உரசிவிடும். ஓரம் முடக்கில் சரித்தால்தான் உரசும். உங்களுக்கு நேரில் நன்றாக இருந்து வளைவில் வழுக்குவதற்குக் காரணம் அதுதான்.

வெலிமடை வீதி:
காரணம் குளிர். கீழே வெயிலில் காற்று அடித்துவிட்டு மேலே வந்தால் காற்று சுருங்கிவிடும். நுவரெலியாப் பக்கம் ஓட்டுகிறவர்கள் எப்போதும் நாலைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாக அடிக்க வேண்டும்.

எண்ணெய்க்கை (மூத்த உறுப்பினர்):
இந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்: வண்டி, அளவு, காற்று, ஓடிய தூரம். இந்த நான்கும் இல்லாமல் கேட்கக் கூடாது. "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் எந்த டொக்டரும் மருந்து எழுத மாட்டார். புதிதாக வருகிறவர்கள் வாசிப்பதே இல்லை.

வெலிமடை வீதிக்கு: பாதிக் கணக்கோடு ஆலோசனை சொல்ல வேண்டாம். கொழும்பில் 30 பாகை, நுவரெலியாவில் 16 பாகை என்றால் குளிரால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும், அது உண்மை. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. அதனால் காற்று அளக்கும் மானியில் 3 பி.எஸ்.ஐ. அளவில் கூடித்தான் காட்டும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடும். நாலைந்து கூட்டி அடித்தால் டயர் கல்லாகிவிடும்.

வெலிமடை வீதி:
நான் பள்ளிக்கூடக் கணக்குச் சொல்லவில்லை ஐயா. விடியற்காலையில் இந்த ரோட்டில் ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

கராஜ் பாஸ்:
பின் சில்லைக் கழற்றிப் பூட்டினார்கள்தானே? செயின் இழுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் ஒரு கோடு தள்ளி நின்றாலே சில்லு கோணலாக ஓடும், இடப்பக்க முடக்கு ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், அதையும் பாருங்கள். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

நானுஓயா பையன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பல்சர் 150. பின் டயர் மட்டும்தான் மாற்றினேன், முன் டயர் இன்னும் ஓடும் என்றார்கள். பழையது 100/90-17, இப்போது போட்டது 120/80-17. அகலம் கூடினால் முடக்கில் பிடிப்பு கூடும் என்று கடையில் சொன்னார்கள். காற்று அவர்களே அடித்தார்கள், எவ்வளவு என்று தெரியாது. வழுக்கியது காய்ந்த ரோட்டில். அம்புக்குறி சரியாக இருக்கிறது.

அட்டன் 150:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. தம்பி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். ட்யூப் இல்லாத டயரின் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்க, கடையில் 40 பி.எஸ்.ஐ. வரை அடிப்பார்கள். டப் என்று சத்தம் வந்ததும் தேவையான அளவுக்கு இறக்க வேண்டும். கூட்டம் நிற்கும் கடையில் அந்த இறக்கும் வேலைதான் விட்டுப்போகும். பல்சர் 150க்கு முன்னால் 25, பின்னால் தனி ஆளுக்கு 28, இரண்டு பேருக்கு 32. டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டிப் போகாமல் பாருங்கள். ஓடினால் சூட்டில் கூடிக் காட்டும். காற்று மிதமிஞ்சி இருந்தால் ரோட்டைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும், குழி மேட்டில் டயர் துள்ளும். அதோடு மேல்தோலும் புதுசு என்றால் வழுக்காமல் என்ன செய்யும்?

எண்ணெய்க்கை:
அளவைச் சொல்லியிருக்கிறார், யாரும் கணக்குப் போடவில்லை. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி 17 ரிம்மின் அங்குலம். அப்படிப் பார்த்தால் 100/90 டயரின் மொத்த உயரம் 612 மில்லிமீட்டர், 120/80 என்றால் 624. பின்பக்கம் 6 மில்லிமீட்டர் எழும்பிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், அகல டயரைக் குறுகிய ரிம்மில் போட்டால் இரண்டு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு நடு கூராகிவிடும். கூரான டயர் சட்டென்று சரியும். அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது ரிம்மும் அதற்கேற்ற அகலமாக இருந்தால்தான். கடைக்காரர் சொன்னதை அப்படியே கேட்காமல், ரிம்மில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்திருக்கலாம்.

பதுளை ரைடர்:
சட்டென்று சரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகியிருக்கும், அதைத் தள்ளித்தான் சரிக்க வேண்டும். கை அந்தப் பலத்துக்குப் பழகிவிட்டது. புது டயர் உருண்டை, அதே பலம் கொடுத்தால் அதிகமாகச் சரியத்தான் செய்யும்.

கொத்மலைக்காரன்:
உள்ளூர் டயரா, வெளிநாட்டு டயரா? உள்ளூர் என்றால் கழற்றி எறியுங்கள்.

கராஜ் பாஸ்:
தம்பி, அப்படிப் பேசாதீர்கள். களனியில் செய்த டயரும் காலியில் செய்த டயரும் போட்டு இந்த மலையில் ஓடுகிறவர்கள் எத்தனை பேர். நாட்டைப் பார்ப்பதை விட்டுத் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1821 என்றால் 2021ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கு எந்த நாட்டில் செய்தாலும் இறுகித்தான் போகும்.

தேயிலை மலை:
டயரில் ஒன்றுமில்லை. இறக்கத்தில் கியரில் பிடித்துக்கொண்டு போவதால்தான் பின் சில்லு இழுபட்டு வழுக்குகிறது. நான் ரதல்ல இறக்கம் முழுவதும் நியூட்ரலில்தான் போவேன். பெற்றோலும் மிச்சம்.

அட்டன் 150:
அண்ணன், தயவுசெய்து இதை இங்கே எழுத வேண்டாம். படித்துவிட்டு யாராவது செய்து பார்ப்பார்கள். 2023 ஜனவரியில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் இறந்த ரோடு அது. நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக்கில் விழும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் இரண்டு பேரோடு அவ்வளவு தூரம் அழுத்திக்கொண்டே போனால் லைனிங் சூடாகிப் பிடிப்பு குறைந்துவிடும். இரண்டாம் கியரில் இறங்க வேண்டும்.

தேயிலை மலை:
இத்தனை வருடமாக எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

எண்ணெய்க்கை:
ஒன்றும் ஆகாததை ஆதாரமாகக் காட்டாதீர்கள். கியரில் இறங்குவது சரி, ஆனால் முடக்குக்கு உள்ளே போன பிறகு கியர் குறைத்து கிளட்சை வெடுக்கென்று விட்டால் பின் சில்லு வழுக்கும். முடக்குக்கு முன்னாலேயே குறைத்து, கிளட்சை மெதுவாக விட வேண்டும்.

வெலிமடை வீதி:
நியூட்ரல் பேச்சுக்கு வேறு இழை தொடங்குங்கள். தம்பி நாளை காலையில் இறங்கப் போகிறார்.

கராஜ் பாஸ்:
தம்பி, நாளைக்கு ஒரு நாள் மனைவியைப் பஸ்ஸில் அனுப்புங்கள். டயர் பழகட்டும்.

நானுஓயா பையன்:
காலையில் பெற்றோல் செட்டில் பார்த்தேன். பின் டயரில் 41. தனியாகத்தான் போனேன், 28க்கு இறக்கினேன். வழுக்கவில்லை. சட்டென்று சரிவது மட்டும் இன்னும் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

அட்டன் 150:
சந்தோஷம் தம்பி. மனைவியை ஏற்றும் நாளில் 32 ஆக்க மறக்க வேண்டாம். சரிகிற பிரச்சினைக்கு ரிம் அளவைப் பார்த்துவிட்டு, கடையில் பேசி 100/90க்கு மாற்ற முடியுமா கேளுங்கள். அந்த முன் டயரின் படத்தையும் போடுங்கள், "இன்னும் ஓடும்" என்று அதே கடைதான் சொல்லியிருக்கிறது.

கராஜ் பாஸ்:
செயின் கோடுகளைப் பார்த்தீர்களா தம்பி?